விப்பிள் ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்தாம் நாள் யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. மஞ்சள் காமாலை என்று காட்டப் போனோம். சிடி ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று வந்திருக்கிறது. ரத்தத்தில் பித்த நிறமியான பிலிருபின் 9. விப்பிள் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். ஒரு மருத்துவமனையில் முதலில் பித்தநாள அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய், பிறகு லேப்ராஸ்கோபி என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஸ்டென்ட் வேண்டாம், வயிற்றைத் திறந்தே செய்கிறோம் என்கிறார்கள். ஆய்வுகள் எந்தப் பக்கம்?

பதில்:

ஸ்டென்ட், லேப்ராஸ்கோபி இரண்டுக்கும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, கீழே வருகிறேன். ஆனால் உங்கள் அப்பா நலமாக வீடு திரும்புவதை அதிகம் தீர்மானிக்கப் போவது நீங்கள் கேட்காத மூன்றாவது கேள்வி. தையல் கசிந்தால் அதை எந்த நாளில், யார் கண்டுபிடிப்பார்கள்? கண்டுபிடித்த பின் என்ன செய்வார்கள்? கடந்த இருபது ஆண்டுகளில் வந்த கணைய அறுவைச் சிகிச்சை ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஆபரேஷன். கணையத்தின் தலை, அதை வளைத்துக் கிடக்கும் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையின் கடைசிப் பகுதி ஆகியவற்றை ஒரே துண்டாக எடுத்துவிடுவார்கள். பிறகு மூன்று இணைப்புகள்: மீதமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தைக்க வேண்டும். பித்தநாளத் தையலும் இரைப்பைத் தையலும் பொதுவாக ஆறிவிடும். வம்பு கணையத் தையலில்தான். புரதத்தையும் கொழுப்பையும் செரிப்பது கணையநீரின் வேலை. வெளியே கசிந்தால் அது தையலையும், பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயின் சுவரையும் அரிக்கத் தொடங்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டி கணைய நாளத்தை மெல்ல அடைத்து நாள்பட்டிருந்தால், கணையம் நாரேறி முற்றிய தேங்காய்போல் இறுகிவிடும். நாளமும் 5, 6 மில்லிமீட்டருக்கு விரிந்திருக்கும். நூல் நன்றாகப் பிடிக்கும். பித்தநாளத்தின் முனையில் சின்னக் கட்டி, நீர்க்கட்டி, ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி போன்றவற்றில் கணையம் நல்ல நிலையில், இளநீர் வழுக்கைபோல் மெத்தென்று இருக்கும்; நாளம் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. முடிச்சை இறுக்கினால் சதையை அறுத்துக்கொண்டு நூல் வந்துவிடும். நோயின் போக்கு சாதுவாக இருக்கும் ஆளுக்கே ஆபரேஷன் ஆபத்து கூடுதல் என்று ஆகிறது.

இதை எண்ணாக்கியது 2013-இல் வெளியான கசிவு அபாய மதிப்பெண். கணையம் மென்மையாக இருந்தால் 2. நோய் கணைய நாளப் புற்றுநோயோ கணைய அழற்சியோ அல்லாமல் வேறாக இருந்தால் 1. நாளம் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் 0, 4 என்றால் 1, 3 என்றால் 2, 2 என்றால் 3, 1 அல்லது அதற்குக் கீழ் என்றால் 4. ஆபரேஷனில் இழந்த ரத்தம் 400 மில்லிலிட்டருக்குள் என்றால் 0. 700 வரை 1. 1000 வரை 2. அதற்கு மேல் 3. மொத்தம் 10. ஏழும் அதற்கு மேலும் உயர் அபாயம். நாளத்தின் அகலம் அப்பாவின் சிடி அறிக்கையிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். இந்த நான்கில் அறுவை மருத்துவரின் கையில் இருப்பது ரத்த இழப்பு ஒன்றுதான். மற்ற மூன்றும் நோயாளியோடு வருபவை.

இனி 'கசிவு' என்ற சொல். மருத்துவமனைகள் சொல்லும் சதவீதங்களை ஒப்பிடும்போது பலரும் ஏமாறும் இடம் இது. மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ ஆபரேஷனில் வயிற்றுக்குள் விட்டுவைக்கும் வடிகுழாயில் வரும் நீரில் கணைய நொதியான அமைலேஸின் அளவு, ரத்தத்தில் அதற்குரிய இயல்பு உச்சத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் குழுவின் வரையறை. 2016-இல் அதைத் திருத்தினார்கள். அமைலேஸ் கூடியிருந்தும் நோயாளிக்கு எந்தப் பாதிப்பும் இல்லையென்றால் அது வெறும் ஆய்வகக் கசிவு, கணக்கில் வராது. குழாயை 3 வாரத்துக்கு மேல் வைத்திருக்க நேர்ந்தால், அல்லது புதிதாகக் குழாய் போட நேர்ந்தால் பி நிலை. மறு ஆபரேஷன், உறுப்புச் செயலிழப்பு, மரணம் என்றால் சி நிலை. ஜெர்மனியின் பல மையங்களில் 320 பேரிடம் நடந்த ரெக்கோபாங்க் ஆய்வில், கணையத்தை இரைப்பையோடு தைத்தவர்களில் 20 சதவீதத்துக்கும், சிறுகுடலோடு தைத்தவர்களில் 22 சதவீதத்துக்கும் பி அல்லது சி நிலைக் கசிவு வந்தது. எங்களுக்குக் கசிவே வராது என்று ஒருவர் சொன்னால், அவர் அமைலேஸ் அளந்து பார்ப்பதில்லை என்றே எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எந்தத் தையல் முறை சிறந்தது என்ற நெடுநாள் சண்டைக்கும் அந்த ஆய்வே கிட்டத்தட்ட பதில். தனக்குக் கைவந்த முறையில் தைப்பவரிடம் விட்டுவிடலாம்.

சரி, கசிவு எங்கும் வருகிறது என்றால் மருத்துவமனைக்கு மருத்துவமனை என்ன வேறுபாடு? 1909-இல் பெர்லினில் வால்டர் காஷ் இதன் முதல் வடிவத்தைச் செய்தார்; 1935-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் வெளியிட்ட பிறகுதான் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1970 வாக்கில்கூட நான்கில் ஒருவர் என்ற அளவில் இறந்துகொண்டிருந்ததால், இதையே கைவிட்டு, கட்டியை எடுக்காமல் பித்தத்துக்கு மாற்றுவழி போடும் பைபாஸ் மட்டும் செய்யலாம் என்று அமெரிக்காவின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர்களே எழுதினார்கள். 1993-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கேமரன் குழு அடுத்தடுத்து 145 விப்பிள்களை ஒரு மரணமும் இல்லாமல் முடித்ததாக அறிவித்தது. பிறகு 2002-இல் பர்க்மெயர் குழு அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளை அலசியது. கணைய அறுவை மிக அரிதாக நடக்கும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 சதவீதம், மிக அதிகமாக நடக்கும் இடங்களில் 3.8. அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட 14 வகைப் பெரிய ஆபரேஷன்களில் இவ்வளவு அகலமான இடைவெளி வெகு சிலவற்றில்தான் தெரிந்தது.

நெதர்லாந்து இதை விதியாகவே மாற்றியது: ஆண்டுக்கு 20 விப்பிளாவது நடக்காத மருத்துவமனை அதைச் செய்யக் கூடாது. ஜெர்மனியில் அந்தக் கட்டுப்பாடு இறுக்கமாக இல்லாத 2009 முதல் 2013 வரையிலான காலத்தில், நாடு முழுவதும் நடந்த பெரிய கணைய அறுவைகளைக் கூட்டிப் பார்த்தபோது மருத்துவமனை இறப்பு 10.1 சதவீதம். பெரிய மையங்கள் வெளியிடும் 2, 3 சதவீதக் கட்டுரைகளையே படித்துப் பழகியவர்களுக்கு இந்த எண் ஒரு குளிர்நீர்.

எண்ணிக்கை கூடினால் கை பழகும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, சிக்கல் வந்தபின் மீட்கும் திறன். இதை நேரடியாகச் சோதித்தது 2022-இல் வெளியான டச்சு போர்ஷ் ஆய்வு. கணைய அறுவை செய்யும் 17 டச்சு மையங்கள், 1748 நோயாளிகள். ஆபரேஷன் முறையை யாரும் மாற்றவில்லை. மாற்றியது பின்கவனிப்பை. மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை தினமும் நோயாளியின் நிலை, ரத்த வெள்ளணுக்கள், உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, குழாய்நீரின் அமைலேஸ் ஆகியவற்றை ஒரே படிநிலை அட்டவணையில் போட்டுப் பார்த்தார்கள். எப்போது சிடி எடுப்பது, எப்போது ஆன்டிபயாடிக் தொடங்குவது, எப்போது தோல் வழியாகக் குழாய் போடுவது, எப்போது குழாயை எடுப்பது என்பதை அட்டவணையே சொல்லும். கடும் ரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தார்கள். 90 நாள் இறப்பு 5-இலிருந்து 3 ஆனது. புது மருந்தில்லை, புதுக் கருவியில்லை.

அட்டவணை ஏன் வேலை செய்கிறது? கசிவு முதலில் சத்தமில்லாமல் வரும். நாலாம் நாள் நாடித்துடிப்பு 105, லேசான காய்ச்சல், சாப்பாட்டின்மேல் வெறுப்பு, சிஆர்பி இறங்காமல் நிற்பது. 'ஆபரேஷன் ஆனவர்தானே, இருக்கும்' என்று ஒரு நாள் தள்ளினால், அடுத்த நாள் ரத்த அழுத்தம் விழும். அந்த நிலையில் மறுபடி வயிற்றைத் திறப்பதும் ஆபத்து. நெதர்லாந்திலேயே கடுமையான கசிவு வந்தவர்களை ஒப்பிட்ட 2017 ஆய்வில், தோல் வழியாகக் குழாய் போட்டுத் தொடங்கியவர்களில் 14.1 சதவீதம் இறந்தார்கள். நேராக மறு ஆபரேஷனுக்குப் போனவர்களில் 35.9. இது யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் குலுக்கல் முறை ஆய்வன்று. ஒத்த நோயாளிகளை ஜோடி சேர்த்துப் பார்த்தது. என்றாலும் இடைவெளி பெரிது.

ரத்தக்கசிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் ரத்தக்குழாயில் போட்ட கட்டு அவிழ்ந்தது; திறந்து நிறுத்துவார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வருவதுதான் வில்லன். கல்லீரல் தமனியிலிருந்து பிரியும் காஸ்ட்ரோடியோடினல் தமனியை விப்பிளில் கட்டி அறுத்திருப்பார்கள். கசிந்த கணையநீர் அந்த முனையை அரித்து, ரத்தக்குழாயில் பலூன்போல் ஒரு புடைப்பை உண்டாக்கும். அது வெடிப்பதற்கு முன் பல சமயம் முன்னறிவிப்பாகக் கொஞ்சம் ரத்தம் வரும்: குழாய்நீர் சிவப்பது, ஒரு வாய் ரத்த வாந்தி, கறுப்பு மலம். தானாக நின்றும்விடும். நின்றுவிட்டதே என்று காத்திருக்கக் கூடாது. உடனே சிடி ஆஞ்சியோ, பிறகு தொடை வழியாகப் போய்ச் சுருள்கம்பி அல்லது உறையிட்ட ஸ்டென்ட் வைத்து அடைக்க வேண்டும். இதைச் செய்பவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு அவர் அந்த மருத்துவமனைக்கு வருவாரா என்று கேளுங்கள். ரோபோ இருக்கிறதா என்பதைவிட இது முக்கியம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு இப்படி வந்தால் பக்கத்து கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல், ஆபரேஷன் நடந்த இடத்துக்கே அழைத்துப் போங்கள்.

இப்போது ஸ்டென்ட். காமாலையோடு ஆபரேஷன் செய்தால் ஆபத்து, பித்தத்தை இறக்கிவிட்டுச் செய்யலாம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். 2010-இல் வந்த டச்சு ஆய்வு அதை 202 பேரிடம் சோதித்தது. பிலிருபின் டெசிலிட்டருக்குச் சுமார் 2.3 முதல் 14.6 மில்லிகிராம் வரை இருந்தவர்கள் அவர்கள். ஒரு வாரத்துக்குள் நேராக ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் கடும் சிக்கல் 39 சதவீதம். ஸ்டென்ட் வைத்து 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்துகொண்டவர்களில் 74. ஸ்டென்ட் அடைத்துக்கொள்வதும், அதனால் வரும் பித்தநாளக் கிருமித்தொற்றும்தான் பெருங்காரணம். அப்போது வைத்தவை பிளாஸ்டிக் ஸ்டென்ட்கள். இன்றைய உலோக ஸ்டென்ட்கள் அவ்வளவு அடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், பிலிருபின் 9, காய்ச்சல் இல்லை, அடுத்த வாரமே ஆபரேஷன் தேதி கிடைக்கிறது என்றால் ஸ்டென்ட் வைக்க வலுவான காரணம் இல்லை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பிலிருபின் 15-ஐத் தாண்டியது, முதலில் கீமோ கொடுக்கும் திட்டம், ஆபரேஷன் பல வாரம் தள்ளிப்போவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்டென்ட் வேண்டும். அப்போது உலோக ஸ்டென்டைக் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களின் பித்தத்தில் குடல் கிருமிகள் ஏறியிருக்கும். ஆபரேஷன் வேளையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். 2023-இல் வந்த அமெரிக்க, கனடிய ஆய்வில் திறந்த விப்பிள் செய்துகொண்ட 778 பேர். பைபராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் அறுவைத் தொற்று 19.8 சதவீதம், செஃபாக்சிட்டின் பெற்றவர்களில் 32.8. பாதிப்பு தரும் கணையக் கசிவும் 19-இலிருந்து 12.7 ஆகக் குறைந்தது. தையலுக்காக எத்தனையோ பசைகளையும் ஒட்டுகளையும் சோதித்துத் தோற்ற துறையில், ஓர் ஆன்டிபயாடிக் மாற்றம் கசிவைக் குறைத்தது பலரும் எதிர்பாராதது.

லேப்ராஸ்கோபிக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் முதல் குலுக்கல் ஆய்வு நம் கோயம்புத்தூரிலிருந்தே வந்தது. ஜெம் மருத்துவமனையில் பழனிவேலு குழு 64 பேரிடம் நடத்தியது, 2017-இல் வெளியானது. லேப்ராஸ்கோபியில் மருத்துவமனை வாசம் நடுமதிப்பாக 7 நாள், திறந்த முறையில் 13. ரத்த இழப்பும் குறைவு, நேரம் கூடுதல். சிக்கல்களில் பெரிய வேறுபாடு இல்லை. அடுத்து நெதர்லாந்தின் லெப்பர்டு-2, நான்கு மையங்கள். 99 பேரோடு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. லேப்ராஸ்கோபியில் 50 பேரில் 5 பேரும், திறந்த முறையில் 49 பேரில் ஒருவரும் சிக்கலால் இறந்திருந்தார்கள். பிறகு 2021-இல் சீனாவின் 14 மையங்களில் 656 பேர்: இறப்பில் வேறுபாடில்லை, மருத்துவமனை வாசம் லேப்ராஸ்கோபியில் 15 நாள், திறந்த முறையில் 16 நாள்.

ஒரே ஆபரேஷன், மூன்று விடை. முரண்போலத் தெரிந்தாலும், யார் செய்தார்கள் என்று பார்த்தால் புரியும். சீன ஆய்வில் சேர ஒரு மருத்துவர் குறைந்தது 104 லேப்ராஸ்கோபி விப்பிள் முடித்திருக்க வேண்டும். டச்சு ஆய்வில் 20 போதும். கோவையில் நடந்தது இதையே பல ஆண்டுகளாகச் செய்துவந்த ஒரே குழு. ஆக, உங்களிடம் லேப்ராஸ்கோபி சொன்னவரிடம் கேட்க வேண்டியது: நீங்கள், உங்கள் கையால், இதுவரை எத்தனை லேப்ராஸ்கோபி விப்பிள் முடித்திருக்கிறீர்கள்? பித்தப்பை லேப்ராஸ்கோபி ஆயிரம் செய்திருப்பது இதற்குக் கணக்கில்லை. விடை நூறை ஒட்டி வந்தால் நம்பிப் போகலாம். இருபதுக்குள் என்றால் திறந்த முறையே நல்லது. இழப்பது சில நாள் வலியும் பெரிய தழும்பும்தான். கணையத்தின் வாலை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் வேறு கதை, அங்கே லேப்ராஸ்கோபியின் பயன் ஓரளவு நிலைநாட்டப்பட்டுவிட்டது.

வயிற்றுக் குழாய் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உறவினர்கள் 'குழாய் ரொம்ப நாள் இருந்தால் நல்லது' என்று நினைப்பார்கள். விப்பிளில் குழாயே வைக்காமல் விட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு, இறப்பு 3-இலிருந்து 12 சதவீதமாக ஏறியதால் நிறுத்தப்பட்டது. அதற்கு எதிர்முனையில், இத்தாலியின் பாஸ்ஸி குழு முதல் நாள் அமைலேஸ் 5000 யூனிட்டுக்குள் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாளே குழாயை எடுத்தவர்களில் கசிவு 1.8 சதவீதம், ஐந்து நாளுக்கு மேல் வைத்திருந்தவர்களில் 26.3. குழாயே கிருமிக்கு வழியாகவும் தையலுக்கு உறுத்தலாகவும் ஆகிவிடுகிறது. வைக்க வேண்டும், அளக்க வேண்டும், குறைவாக இருந்தால் சீக்கிரம் எடுக்க வேண்டும்.

பயாப்ஸி இல்லாமலே ஆபரேஷனா என்று பலர் பதறுகிறார்கள். எடுத்துவிடக்கூடிய கட்டி, ஸ்கேன் படம் தெளிவு என்றால் முன்கூட்டிய பயாப்ஸி கட்டாயமில்லை. கட்டி இருந்தும் ஊசியில் சிக்காமல் போகலாம் என்பதால், 'இல்லை' என்று வரும் முடிவு திட்டத்தை மாற்றாது. முதலில் கீமோ என்றால் மட்டும் பயாப்ஸி கட்டாயம். படம் ஐயமாக இருந்தால் ஐஜிஜி-4 என்ற ரத்தப் பரிசோதனை கேட்கலாம். ஸ்டீராய்டில் கரையும் ஒருவகைக் கணைய அழற்சி கட்டிபோல் வேஷம் போடும்.

புற்றுநோய் முடிவுகளில் மழுப்பக் கூடாது. கணைய நாளப் புற்றுநோய் என்றால் ஆபரேஷன் மட்டும் போதாது. ஜெர்மனியின் காங்கோ-001 ஆய்வில் ஆபரேஷனோடு நிறுத்தியவர்களில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 10.4 சதவீதம், பின்னர் ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்து பெற்றவர்களில் 20.7. 2018-இன் பிரெஞ்சு, கனடிய பிராடிஜ்-24 ஆய்வில் பல மருந்துகள் சேர்ந்த கீமோவான மாற்றியமைத்த ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்றவர்களின் நடுமதிப்பு ஆயுள் 54.4 மாதம், ஜெம்சிட்டபினில் 35. ஆனால் அந்த 54.4-ஐ எல்லாருக்கும் நீட்டக் கூடாது. ஆபரேஷனிலிருந்து நன்றாகத் தேறி, 12 வாரத்துக்குள் கடுமையான கீமோவைத் தாங்கும் நிலையில் இருந்தவர்களையே அதில் சேர்த்தார்கள். கசிவில் மாட்டி இரண்டு மாதம் படுத்தவர் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. பின்கவனிப்பு புற்றுநோய் முடிவையும் தொடுவது இப்படித்தான்.

முதலில் கீமோவா ஆபரேஷனா என்பதில் இன்னும் இழுபறி. ரத்தக்குழாயை ஒட்டிய கட்டிகளையும் சேர்த்துப் பார்த்த டச்சு ப்ரியோபாங்க் ஆய்வில், முன்கூட்டியே கீமோவும் கதிரியக்கமும் பெற்றவர்களின் 5 ஆண்டு உயிர்வாழ்வு 20.5 சதவீதம், நேரடி ஆபரேஷனில் 6.5. எளிதில் எடுக்கக்கூடிய கட்டிகளை மட்டும் பார்த்த நோர்டிக் ஆய்வில் முன்கீமோ பெற்றவர்களில் 18 மாதம் உயிரோடிருந்தவர்கள் 60 சதவீதம், நேரடி ஆபரேஷனில் 73. கட்டி போர்ட்டல் சிரையையோ குடல் தமனியையோ தொடுகிறதா என்று அறிக்கையில் பார்த்தால், எந்த ஆய்வு அப்பாவுக்குப் பொருந்தும் என்பது தெரியும். கட்டி பித்தநாள முனையைச் சேர்ந்தது என்று பின்னர் தெரியவந்தால், மேலே சொன்ன எண்களைவிட நிலைமை பொதுவாக நன்றாகவே இருக்கும்.

கடைசியாகச் சாப்பாடு, நம் வீடுகளில் அதிகம் தவறும் இடம். முதல் வாரத்தில் இரைப்பை வேலைநிறுத்தம் செய்வது சகஜம். மூக்குக் குழாய் மறுபடி வந்தால் கலங்க வேண்டாம். ஆனால் பின்னணியில் கசிவு இருக்கிறதா என்று சிடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு வந்தபின் எண்ணெய் மிதக்கும், கழுவினாலும் ஒட்டும் மலம் போனால் அது அஜீரணமில்லை, நொதிப் பற்றாக்குறை. எண்ணெயை நிறுத்திக் கஞ்சியில் விட்டால் எடை இன்னும் இறங்கும். பாங்கிரியாட்டின் கேப்ஸ்யூல்தான் மருந்து: பெரிய உணவுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி), சிற்றுண்டிக்கும் பாலுக்கும் அதில் பாதி. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும். முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று. மெல்லக் கூடாது, கொதிக்கும் ரசத்தில் கலக்கக் கூடாது. அப்படியும் எண்ணெய் மலம் நிற்காவிட்டால் அளவைக் கூட்டுவார்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்ப்பார்கள். இவை பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. அதனால் தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்தியவர்கள் மூன்று மாதத்தில் எடை குறைந்து வந்து, கட்டி திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் தேவையில்லாத ஸ்கேன்களுக்குப் போக நேரிடும்.